திறந்த உலகமும் திறந்த வாயும்: வெள்ளாட்டை முன்வைத்து ஒரு விளையாட்டாய்வு

விளையாட்டு என்ற சொல்லுக்குள் ஓர் ஆடு நின்றுகொண்டிருக்கிறது. அகராதி தொகுத்த பெரியவர்கள் கண்ணில் இத்தனை காலம் அது படாமல் போனது வியப்பே. கிரிக்கெட் வர்ணனையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். களத்தின் பெயர் ஆடுகளம். இறங்குகிறவர் ஆட்டக்காரர். அவர் வெளியேறினால் ஆட்டமிழப்பு. கடைசியில் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்பவர் ஆட்டநாயகன். நாயகன் என்றால் உரியவன். ஆட்டுக்கு உரியவன் இடையன். ஆக, அவர் கையில் கோப்பைக்குப் பதில் தொரட்டி இருந்திருக்க வேண்டும். இது போதாதென்பவர்களுக்கு இன்னொன்று. தொல்காப்பியர் காலத்தில் ஆட்டுக்கு 'யாடு' என்று பெயர். விளை, யாடு, சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சொல்லாராய்ச்சி அடியோடு தவறு என்று எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஆய்வை எங்கிருந்தாவது தொடங்கித்தானே ஆக வேண்டும்?

நம்மவர் கவனிக்கத் தவறியதைச் சுவீடன்காரர்கள் கவனித்துவிட்டார்கள். அந்நாட்டில் ஷோவ்டே என்ற ஊரிலிருந்த காஃபி ஸ்டெயின் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம், 2014 ஜனவரியில் தங்களுக்குள் கேலியாக ஒரு வீடியோ கேம் செய்து பார்த்தது. அதில் நீங்கள் ஒரு வெள்ளாடு. அதைக் காட்டும் காணொளி இணையத்தில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று, அதாவது முட்டாள்கள் தினத்தன்று, 'கோட் சிமுலேட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கதை கிடையாது. காப்பாற்ற வேண்டிய இளவரசி கிடையாது. ஓர் ஊர் இருக்கிறது. அதில் நீங்கள் எங்கும் போகலாம். முட்டலாம், பின்னங்காலால் உதைக்கலாம், நக்கலாம், கத்தலாம். வேலியை உடைத்தால் புள்ளி. ஆளை முட்டித் தள்ளினால் புள்ளி. பெட்ரோல் பங்க் வெடித்தால் கூடுதல் புள்ளி. ஆட்டுக்குச் சாவே இல்லை.

விளையாட்டில் பிழைகள் ஏராளம். ஆடு சுவருக்குள் சிக்கும். கழுத்து ரப்பர்போல நீளும். சும்மா நிற்கும்போதே வானத்துக்குத் தூக்கியெறியப்படும். ஆட்டத்தையே நின்றுபோகச் செய்யும் பிழைகளை மட்டும் சரிசெய்வோம், மற்றதெல்லாம் சிரிப்பாக இருப்பதால் அப்படியே இருக்கட்டும் என்பது படைத்தவர்கள் கொள்கை. இந்தக் கொள்கையை நம் ஊர் சாலை போடுகிறவர்கள் வெகுகாலமாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். ஆனால் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

ஆய்வுச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நான் இதை ஆராய்ந்தது அக்கா மகனுடைய மடிக்கணினியில். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற அவன் அதை இரண்டாங்கையாக வாங்கியிருந்தான். திரையில் ஆடு பாதி வழியில் உறைந்து நின்றால், அது சுவீடன்காரர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த பிழையா, மடிக்கணினி மூச்சு வாங்குகிறதா என்பதை எந்த முறையியலாலும் கண்டறிய முடியவில்லை. "மாமா, விசிறி சத்தம் வந்தா லேப்டாப்பு, வரலைன்னா ஆடு" என்று அவன் ஒரு சூத்திரம் சொன்னான். அதையே இக்கட்டுரை ஏற்றுக்கொள்கிறது.

ஆய்வு எல்லை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், இரண்டுக்கும் நடுவே உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொல்லம் சாலை.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். ராஜபாளையம் என்றால் நாயல்லவா? உண்மைதான். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் அந்த நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டிருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். ஆனால் திறந்த உலகம் என்று கேம்காரர்கள் சொல்லும் வகைக்கு அது ஒத்துவராது. ராஜபாளையம் நாய்க்கு ஒரே எசமான், ஒரே வாசல். அதற்கு உலகம் திறந்தே இருந்தாலும் அது கேட்டை விட்டு நகராது. கடமை உள்ள பிராணியை வைத்துக் கேம் செய்தால் அது ஆபீஸ் வேலை மாதிரி இருக்கும்.

மாடு தெய்வம், அதை வைத்து விளையாட முடியாது. கழுதைக்குப் பொதி. செண்பகத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவும் நரை அணில் 1988லிருந்து சரணாலயத்துப் பிராணி. அரசு ஊழியருக்கு ஈடான பாதுகாப்பு. ஆண்டாள் கையிலிருக்கும் கிளியோ தினமும் இலையால் புதிதாகச் செய்யப்படுவது. ஒரு நாள் ஆயுள். மிச்சம் ஆடுதான். ஆட்டிடம் யாரும் ஒழுக்கம் எதிர்பார்ப்பதில்லை. கறியைத் தவிர வேறு எதையுமே எதிர்பார்ப்பதில்லை. கோட் சிமுலேட்டரின் கவர்ச்சி முழுக்க இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை எவனெவனோ எதையெதையோ எதிர்பார்க்கும் ஒருவன், எவனும் எதுவும் எதிர்பார்க்காத ஒரு பிராணியின் தோலுக்குள் அரை மணி நேரம் புகுந்துகொள்கிறான். மெல்போர்ன்காரர்கள் 2019ல் வாத்து ஒன்றை வைத்து ஒரு கிராமத்தையே அழவிட்டதும், பிரான்சில் மான்பெலியே நகரத்துக்காரர்கள் 2022ல் பூனையை வைத்து 'ஸ்ட்ரே' செய்ததும் இதே வழியில்தான். ஆனால் வாத்துக்கும் பூனைக்கும் அவர்கள் ஒரு நோக்கம் கொடுத்துவிட்டார்கள். நோக்கம் வந்ததும் ஆட்டுத்தனம் போய்விடுகிறது.

களப்பணி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சு. எதிரே நீளச் சுவர். காலை ஏழு மணி. இரவு ஒட்டிய போஸ்டர்களின் பசை இன்னும் முழுக்கக் காயவில்லை.

ஆடு வந்தது. கன்னி ஆடு. உடம்பெல்லாம் கறுப்பு, கொம்படியிலிருந்து மூக்கு வரை முகத்தின் இரு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு. இப்படி வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த இனம். கன்னங்கரிய ஆட்டுக்கு வெள்ளாடு என்று பெயர் வைத்திருக்கும் மொழியில் ஆராய்ச்சி செய்வது எளிதன்று என்பதை நடுவர் குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆடு போஸ்டரைத் தின்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படி இல்லை. முதலில் மேலுதட்டை விரல்போல நீட்டித் தாளின் ஓரத்தைத் தடவுகிறது. எங்கே மேலெழும்பியிருக்கிறது என்று தேடுகிறது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது; கீழே எட்டு. கீழ்ப்பல்லையும் மேல் ஈற்றையும் இடுக்கிபோல வைத்து ஓரத்தைக் கவ்வி, தலையை ஒரு வெட்டு மேலே வெட்டுகிறது. சர்ரென்று ஒரு நீளத் துண்டு. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைத்தான் முதலில் சுவைக்கிறது. மைதாப் பசை. சிவகாசியில் நாலு கலரில் அச்சடித்துப் பக்கத்திலிருந்து வண்டியில் ஏறி வந்த படம் அதற்கு வெறும் இலை. மாவுக்குக் கட்டிய இலை.

இதனால் அறியப்படும் உண்மைகள் சில உண்டு. ஆடு கீழிருந்து மேலாகப் படிக்கிறது. சுவரில் முன்னங்காலை ஊன்றி நின்றாலும் அதற்கு ஓர் எல்லைக்கு மேல் எட்டாது. ஆகையால் பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டரில் கீழ்வரிசையில் தபால்தலை அளவுக்குத் தலை போட்டுக்கொண்ட அன்புத் தம்பிகள் முதலில் போகிறார்கள். அடுத்து மாவட்டம். மாநிலத்தின் வேட்டிக் கரை கொஞ்சம் கிழிகிறது. மேலே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். சினிமா போஸ்டரில் அச்சகத்தின் பெயரும் மக்கள் தொடர்பும் காலி. கதாநாயகனுக்கு முழங்காலுக்குக் கீழே இழப்பு. வேறெந்தக் கட்டுப்பாட்டையும் மதிக்காத ஆடு, படிநிலையை மட்டும் மதிக்கிறது.

"இப்பெல்லாம் ஃப்ளெக்ஸ் வந்துருச்சு சார். அதத் திங்காது" என்றார் டீக்கடைக்காரர். அவர் குரலில் ஆட்டுக்காக வருத்தமா, சுவருக்காக வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை.

கேமில் இந்த நுட்பம் எதுவும் இல்லை. அங்கே ஆட்டின் நாக்கு ஒட்டும் கயிறு. நக்கினால் எந்தப் பொருளும் ஒட்டிக்கொள்ளும்; கோடரி, நாற்காலி, மனிதன், கார் எதுவானாலும் இழுத்துக்கொண்டு ஓடலாம். பார்க்க வேடிக்கைதான். ஆனால் ஆடு எதையும் இழுத்துக்கொண்டு ஓடாது. ஆடு நிற்கும். ஒன்றைத் தின்றுகொண்டே அடுத்ததைப் பார்க்கும். கண்மணி பக்கவாட்டில் படுத்திருப்பதால் முதுகைத் தவிர ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். கம்பெடுத்து வருகிறவனையும் முருங்கைக் கன்றையும் ஒரே நேரத்தில் பார்த்து, கம்பு வந்து சேருவதற்குள் எத்தனை வாய் தின்னலாம் என்று கணக்குப் போடும். அந்தக் கணக்குத்தான் ஆடு. சுவீடன்காரர்கள் ஆட்டின் கொம்பைச் செய்தார்கள், கணக்கை விட்டுவிட்டார்கள்.

குறைபாடுகள்

முட்டும் முறை தவறு. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், வலிமையுள்ளவன் அடங்கியிருப்பதற்கு உவமையாகச் சொல்வது, சண்டைக் கிடாய் தாக்குவதற்கு முன் பின்வாங்குவதை. கிடா முட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நாலடி பின்னால் போகும், தலை தாழும், ஒரு கணம் எல்லாம் நிற்கும், அந்த ஒரு கணத்துக்காகத்தான் கூட்டம் கூடுகிறது. கோட் சிமுலேட்டரில் பொத்தானை அழுத்தியதும் முட்டிவிடுகிறது. பின்வாங்கலே இல்லை. 486ஆம் குறளை அறியாத ஆடு அது.

ஆண் ஆட்டுக்குத் தொல்காப்பியர் தரும் பெயர்கள் மோத்தை, தகர், உதள், அப்பர். கேமில் இந்தப் பாகுபாடு எதுவும் பேணப்படவில்லை. (இந்நான்கில் அப்பர் மட்டும் இன்று ரயில்வே துறையில் மிஞ்சியிருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் ஏறிப் படுத்து ராஜபாளையம் வரும் எவருக்கும் தாம் ஒரு கிடாயின் இடத்தில் படுத்திருப்பது தெரிவதில்லை.)

ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்திருக்கிறான் ஆண்டவன் என்பது நம் பழமொழி. வாலை அளந்தார்கள் சுவீடன்காரர்கள். கழுத்தை அளக்க மறந்துவிட்டார்கள். பிற்பாடு வந்த சேர்க்கைகளிலும் இதே அளவற்ற போக்கு. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, மனிதரைக் கடித்த கதையாக ஜோம்பி வந்தது, கொள்ளை வந்தது, விண்வெளி வந்தது. 2022 நவம்பரில் 'கோட் சிமுலேட்டர் 3' வந்தது. இரண்டாவது பாகம் வரவே இல்லை. அதை எது தின்றது என்பது ஆட்டு இலக்கியத்தின் திறக்கப்படாத கேள்வி.

பலி விஷயத்தில் கேம் தலைகீழாகப் போகிறது. அங்கே ஒரு மந்திரவட்டம் இருக்கிறது. ஆடு மனிதர்களை இழுத்துவந்து அதில் போட்டால் பேய்ச்சக்தி பெறும். நம் பக்கம் யார் யாரை இழுத்துக்கொண்டு போவார்கள் என்பது ஊரறியும். அதிலும் ஒரு மரியாதை உண்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலுப்பும் வரை காத்திருக்க வேண்டும். சிலுப்பினால் உத்தரவு. சிலுப்பாவிட்டால் இன்னொரு செம்பு தண்ணீர். ஈரம் பட்ட எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சாமி முன்னால் பேசுவதில்லை. 1950ல் சென்னை மாநிலத்தில் விலங்கு, பறவை பலியைத் தடுக்கும் சட்டம் வந்தபோது முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. சட்டம் அரை நூற்றாண்டு அலமாரியில் தூங்கியது, 2003ல் எழுப்பினார்கள், 2004ல் சட்டமே ரத்தானது. ஆக, ராஜபாளையத்துக்காரர் ஒருவர் ஆட்சியில் பிறந்த ஆட்டு உரிமை ஐம்பத்து நான்கு ஆண்டு ஏட்டில் இருந்தது. ஏட்டை ஆடு தின்னாமல் விட்டது அதன் பெருந்தன்மை.

ஏறிக் குதிக்க உயரம் வேண்டும் என்பது இவ்வகை கேம்களின் விதி. ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் பதினொரு நிலை, 192 அடி. ஆடுகள் அதன் நிழலோடு திருப்தியடைந்திருக்கின்றன.

திறந்த உலகம் என்பதையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேமில் ஊரின் விளிம்புக்குப் போனால் அதற்கு மேல் போக முடியாது. அந்த எல்லைக்குக் காரணம் எதுவும் இல்லை. நம் ஆட்டின் உலகத்துக்கும் விளிம்பு உண்டு, ஒவ்வொரு விளிம்புக்கும் ஓர் ஆதாரம் உண்டு. மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் போனால் மலையடிவாரத்தில் காடு. 485 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக இருந்தது, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. கிழக்கே வயல். அங்கே வாய் வைத்தால் கால்நடை அத்துமீறலுக்கு 1871லேயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம். வடக்கும் தெற்கும் லாரி. கேம்களில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நொடியில் பறக்கும் வசதி ஒன்று உண்டு. இங்கும் உண்டு. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு முதல் நாள் ராத்திரியே குட்டியானையில் ஏற்றுவார்கள். திரும்பி வரும் வசதி மட்டும் எல்லா ஆட்டுக்கும் அமைவதில்லை.

இத்தனைக்கும் நடுவேதான் அது போஸ்டர் கிழிக்கிறது. புலி, நீதிபதி, லாரி, சந்தை, டீக்கடைக்காரர் கையிலிருக்கும் சுடுதண்ணீர். அத்தனையும் சுற்றி இருக்க, அன்புத் தம்பியின் காதை நிதானமாக மெல்லும் ஆட்டைப் பார்த்தால் வரும் சிரிப்பு, சாவே இல்லாத ஆடு பெட்ரோல் பங்கைக் கொளுத்தும்போது வருவதில்லை. முதல் அரை மணி நேரம் வருகிறது. இரண்டு மணி நேரத்தில் கை அலுத்துவிடுகிறது. தடுக்க ஆளில்லாத குறும்பு வெறும் உடற்பயிற்சி.

நிபுணர் கருத்து

இந்த முடிவைச் சரிபார்க்கத் துறை வல்லுநர் ஒருவரை அணுகினேன். திருமுக்குளத்துப் பக்கம் பத்துப் பன்னிரண்டு உருப்படி வைத்து மேய்க்கும் பெரியம்மா. மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துப் போட்டுக் காட்டினோம். வெற்றிலையை அதக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தாள்.

"ஆரு ஆடுய்யா இது?"

"யாரோடதும் இல்ல பாட்டி. நாமதான் ஆடு" என்றான் அக்கா மகன்.

"நாமதான் ஆடா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்: "பல்லுப் போட்டிருச்சா?"

தெரியவில்லை என்றான்.

"எத்தன ஈத்து?"

அதுவும் தெரியவில்லை.

"குட்டி போடுமா, போடாதா?"

"போடாது பாட்டி."

"புழுக்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்தவரை போடவில்லை என்று ஒப்புக்கொண்டேன். இது சிறிய குறையன்று. ஆட்டுக்கிடை போட்ட வயலுக்கு யூரியா வேண்டாம் என்பார்கள், கி.ராஜநாராயணன் 'கிடை' என்று ஒரு குறுநாவலே எழுதியிருக்கிறார். இத்தனை பெரிய நிலப்பரப்பைப் படைத்தவர்கள் அதில் ஒரு புழுக்கைகூட விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரையில் ஆடு ஒரு காரை முட்டி அதன்மேல் ஏறிப் பறந்தது. பெரியம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "கவுறு இல்ல. ஆளு இல்ல. பசியும் இல்ல. இது ஆடு இல்ல ராசா. முனி."

செய்முறை

கோட் சிமுலேட்டரின் விற்பனை விளம்பரத்திலேயே அதைச் செய்தவர்கள் ஒரு வாசகம் எழுதியிருக்கிறார்கள். இது உருப்படாத கேம், இந்தக் காசுக்கு இடுப்பு வளையமோ செங்கலோ வாங்கலாம், அல்லது நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து நிஜ ஆடே வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. உலகம் முழுக்க இதைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். ஆடு மேய்த்தது போலவும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆச்சு என்று கிளம்பியவர்கள் நாங்கள்தான். அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் இருவரும் பணம் போட்டார்கள், நான் ஆலோசகர். ராஜபாளையத்தில் சஞ்சீவி மலையடிவாரத்தில் ஒருவரிடம் பால்கன்னிப் பெட்டை ஒன்றை ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கி, ஸ்கூட்டரில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து, பஞ்சு மார்க்கெட் வழியாக அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வழியில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் விருந்து என்றைக்கு என்று கேட்டார்கள்.

முதல் நாள்: கறிவேப்பிலைச் செடி. தொட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள்: மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த கூழ்வடகம் ஒரு வேட்டி நிறைய, கூடவே வேட்டியின் ஒரு முனை. மாடிப்படிக் கதவின் நாதாங்கியை அது எப்படித் திறந்தது என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை. அன்று ராத்திரி முழுக்கக் கத்தியது. வெள்ளாடு தனியே இருக்காது, கூட்டம் வேண்டும். அது கேமில் ஒரு பொத்தான்; அழுத்தினால் கத்தும், விட்டால் நிற்கும். இங்கே பொத்தானைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள்: மின்வாரிய அட்டை. நான்காம் நாள் தெருவே வந்து விசாரித்தது. இந்த நான்கு நாளில் அது ஒருவரையும் முட்டவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். முட்ட வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை அக்கா ஒரே வாக்கியத்தில் ஆய்வை முடித்துவைத்தாள். "ஆடு வேணா இருக்கட்டும்டா, நீங்க மூணு பேரும் மாமாவும் கிளம்புங்க."

பெரியம்மாவிடம் கொண்டுபோனோம். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். வயிற்றடியில் கைவைத்து மெல்லத் தடவினாள், மடியைத் தொட்டாள். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். "அய்யாயிரத்து ஐநூறு" என்றான் அக்கா மகன், பேரத்தில் ஐயாயிரத்துக்கு இறங்கலாம் என்ற நினைப்பில். பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டாள். வாழ்நாளெல்லாம் ஆட்டு யாபாரம் பார்த்த ஒருத்தி ஒரு வார்த்தை பேரம் பேசாமல் பணம் கொடுத்தது அப்போது ஆய்வாளர் கவனத்துக்கு வரவில்லை. தலைக்கு ஐநூறு நட்டம் என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினோம்.

அடுத்த இரண்டாம் மாதம் அது ரெட்டைக் குட்டி போட்டது. ஒன்று பால்கன்னி, ஒன்று செங்கன்னி. இரண்டும் பெட்டை. அக்கா மகன் மடிக்கணினியிலிருந்து கேமை எடுத்துவிட்டான். விசிறிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.